காகம் இல்லாத கடலில் ஆடி அமாவாசை

என் குறிப்பேட்டில் ‘ஆடி அமாவாசைக்கு அடுத்த சனிக்கிழமை, விம்பிள்டன் ரயில்’ என்று எழுதியிருக்கிறது. வடதுருவத் தீவுகளுக்குக் கப்பலில் போய்வந்த ஒருவர், எதிரே இருந்த மைத்துனரிடம் சொன்னார்:

“அப்பாவின்ரை விரதம் கப்பலிலை வந்திட்டுது. காகத்துக்குச் சோறு வைக்காமல் எப்பிடிச் சாப்பிடுறது?”

“அங்கை காகம் ஏது?”

“இல்லை. பனிக்கரடிதான் கண்டனாங்கள்.”

“அதுக்கு வைச்சிருந்தால் மாமாவை நேரிலையே பார்த்திருப்பியள், அத்தான்.”

“பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது எண்டு கப்பலிலை சட்டம். பசியோடை இருந்தன். கண்ணாடிக்கு வெளியிலை வெள்ளைப் பறவையொண்டு வந்து, என்ரை சோத்துக்கோப்பையையே பார்த்துக்கொண்டு நிண்டுது. காகத்துக்குப் பதிலா இது காணும் எண்டு சாப்பிட்டன்.”

“அது மாமாதான். அவர் எப்பவும் மற்றவையின்ரை கோப்பையைத்தான் பார்ப்பார்.”

இருவரும் சிரித்தபடி இறங்கினார்கள். அந்தத் தீவுகளில் காகமே இல்லையா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.