சொந்தப் படைப்பு என உறுதிப்படுத்துகிறேன்

உங்கள் கடிதம் ஓரமெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்துதான் வந்து சேர்ந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் நெடுந்தீவுக்கு எல்லாம் அப்படித்தான் வரும். லோஞ்சில், அந்த மோட்டார்ப் படகில், வருகிற ஆட்களே நனைந்துபோய் இறங்குகிறார்கள், கடிதத்துக்கு என்ன மரியாதை. 'பொன்னாடை' என்ற இடத்தில் மை சற்றுக் கரைந்திருந்தது. மற்றதெல்லாம் தெளிவாக வாசிக்க முடிந்தது.

திரு. அரியநாயகம் அவர்களே, யாழ்ப்பாணத்து இலக்கிய வட்டமொன்றின் செயலாளர் என் போன்ற முன்னாள் கிளாக்கருக்கு இரண்டு பக்கம் கைப்பட எழுதுவது சின்ன விஷயமல்ல. உங்கள் வட்டத்தின் சிறுகதைப் போட்டிக்குப் பதினொரு ஆண்டுகளாகச் சத்தியபாமா மார்க்கண்டு என்ற பெயரில் இங்கிருந்து வந்த கதைகளை எடுத்துவைத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள். பதினொன்றும் என் கையெழுத்து. அவற்றோடு வந்த சமாதான நீதவானின் அத்தாட்சிக் கடிதங்களும் என் கையெழுத்து. அந்தக் கடிதம் ஒவ்வொன்றிலும், 'இது இவரின் சொந்தப் படைப்புத்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாதிருக்கிறது' என எழுதியிருக்கிறேன். ஆகவே கதைகளின் ஆசிரியன் நானே, ஒரு பெண்ணின் பெயருக்குள் ஒளிந்திருக்கிறேன், என்றாலும் பொய்ச் சத்தியம் செய்ய மனம் வராத நேர்மையாளன் என்று முடிவுகட்டி, தை மாத விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்த இருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள்.

கணக்கு நல்ல கணக்கு. விடைதான் பிழை. அந்தக் கதைகளில் ஒரு வரிகூட என்னுடையதல்ல.

அப்படியானால் ஏன் என் கையெழுத்து, ஏன் அப்படியொரு கடிதம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஒழுங்காகச் சொல்கிறேன்.

நான் 1961இல், அரசாங்க உத்தியோகத்தருக்குக் கட்டாயமாக்கிய சிங்களச் சோதனையை எழுதமாட்டேன் என்று, கச்சேரியில் பார்த்த கிளாக்கர் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவன். ஊரார் அதை வீரம் என்றார்கள். உண்மையில் சோதனை என்றாலே எனக்குச் சின்ன வயது முதல் பயம். மனைவி அதற்கு முந்தின ஆண்டு காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. என் வீட்டு வாசலில் நின்றால் துறை தெரியும். காலையில் லோஞ்சு போகும், பின்னேரம் திரும்பி வரும். அதில் ஏற எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. காற்று நாட்களில் லோஞ்சே இல்லை, அந்த நாட்களில் எனக்குச் சற்று ஆறுதலாக இருக்கும். எல்லோரும் என்னைப் போலவே நிற்கிறார்கள் அல்லவா.

நானும் எழுதிப் பார்த்தவன்தான். இருபத்துமூன்று சிறுகதைகள். திருப்பி அனுப்புவதற்கு என் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய உறையையும் விதிப்படி ஒவ்வொன்றோடும் வைத்தேன். இருபத்துமூன்று உறைகளும் பத்திரமாகத் திரும்பி வந்தன. உறவினர் எவரின் கையெழுத்தையும்விட என் சொந்தக் கையெழுத்தே அதிகம் தடவை கடல் தாண்டி என்னைத் தேடி வந்திருக்கிறது.

கதை எழுத வராதவனுக்கு மிஞ்சியிருக்கிற வேலை, கதை எழுதுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. வாசிகசாலைத் தலைவராக இருந்தபடியால் ஓர் அலுமாரியை அதற்கென்று ஒதுக்கினேன். அகராதி, இலக்கண நூல், கோடு போடாத தாள், மை. சுவரில் ஒரு பலகை. பத்திரிகைகளில் வரும் போட்டி அறிவித்தல்களை வெட்டி ஒட்டி, முடிவு தேதியைச் சிவப்புப் பென்சிலால் சுற்றிவிடுவேன். 'புதிதாக எழுதுவோருக்கு உதவிக் குறிப்புகள்' என்று ஒரு கொப்பியும் எழுதி வைத்தேன். நாற்பத்தொரு குறிப்புகள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதவும். இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் விடவும். முதற் பக்கத்திலேயே யாரையும் சாகடிக்க வேண்டாம், வாசகருக்கு அவரை இன்னும் பழக்கமில்லை. நாற்பத்தொன்றையும் கடைப்பிடித்து எழுதியவன் நான் ஒருவன்தான். பலனை மேலே சொல்லிவிட்டேன்.

ஏழெட்டுப் பேர் வந்து பார்த்தார்கள். ஒருவனுக்குத் தபால் இலாகாவில் வேலை கிடைத்தது, ஒருவனுக்குக் கலியாணம் கிடைத்தது. இரண்டும் எழுத்தை நிறுத்தப் போதுமானவை. நிலைத்து நின்றவள் பாமா மட்டுந்தான்.

தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்து, ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்தில் ஒரு சூட்கேசோடு திரும்பி வந்த மார்க்கண்டரின் மகள். வாசிகசாலைக்கு வரத் தொடங்கியபோது அவளுக்கு இருபது வயது. ஆடுகளைக் கட்டிவிட்டு நாலு மணிக்கு வருவாள். முதல் நாள் என் கொப்பியைத் தொடக்கம் முதல் கடைசி வரை நின்றபடியே வாசித்தாள்.

"மாமா, இதிலை கதையைப் பற்றி ஒண்டும் இல்லையே" என்றாள்.

சிரித்தேன். மனைவி போனபிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

1963இல் கொழும்பு வார இதழ் ஒன்று பெரிய போட்டி வைத்தது. முதற் பரிசு பெறுகிறவருக்கு மாதர் பகுதியில் உதவியாசிரியர் உத்தியோகம். பலகையில் ஒட்டியது நான்தான். பாமா ஒன்பது பக்கத்தில் ஒரு கதை கொண்டுவந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு துறையில் லோஞ்சுக்குக் காத்திருக்கிற ஒரு தாய். காற்று, லோஞ்சு வராது. அவள் கடலோடு கதைக்கிறாள். திட்டவில்லை, மன்றாடவில்லை, கடைக்காரனோடு விலை பேசுகிற மாதிரிப் பேசுகிறாள். வாசித்து முடித்தபோது என் இருபத்துமூன்று கதைகளும் லீவு கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் போலத் தோன்றின.

"வெல்லுமோ மாமா?"

"வெல்லும் பிள்ளை."

"வெண்டால் கொழும்புக்குப் போகோணும். அப்பர் விடமாட்டார்."

"அவரோடை நான் கதைக்கிறன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

போட்டி விதி ஒன்று இருந்தது. படைப்பு சொந்தமானதுதான் என்று பாடசாலை அதிபரோ சமாதான நீதவானோ எழுதி, மூடிய உறையில் அரக்கு முத்திரை இட்டுத் தரவேண்டும். எங்கள் வட்டாரத்தில் சமாதான நீதவான் நான். அடுத்த நாள் காலை, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஆறுதலாக இருந்து எழுதினேன். கொழும்பு எப்படிப்பட்ட இடம் என்று யோசித்தேன். ஐம்பத்தெட்டு முடிந்து ஐந்து வருடந்தான் ஆகியிருந்தது. தனியாக ஒரு பெட்டைப்பிள்ளை, யாரோ வீட்டு அறை, இரவில் பஸ். நான் கதைத்துத் தகப்பன் சம்மதித்தாலும் யாராவது யோசிக்க வேண்டும் அல்லவா. அவள் அந்தக் கதையைத் தன் வீட்டில் வைத்து எழுதினாள், எழுதும்போது நான் பக்கத்தில் இருக்கவில்லை. அதைத்தான் எழுதினேன். உங்களுக்குத் தெரிந்த அதே வாக்கியம். அதில் பொய் என்று ஒரு சொல்லைக் காட்ட உங்களால் ஏலாது.

அரக்கு உருக்கி முத்திரை குத்தினேன். அவளே வந்து வாங்கினாள். காற்றுப் பறித்துவிடாமல் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போனாள்.

ஆனி மாதம் முடிவு வந்தது. 'முதற் பரிசுக்குத் தெரிவான கதை, சொந்தப் படைப்பு என்பது உறுதிப்படாமையால் விலக்கப்பட்டது: செல்வி ச. மார்க்கண்டு, நெடுந்தீவு.' அந்த இதழ் எங்கள் தீவில் வாசிகசாலைக்கு மட்டுமே வரும். போட்டி முடிவுகளைப் பலகையில் ஒட்டுவது வழக்கம். ஒட்டாமல் விடலாமா என்று யோசித்தேன். ஒருவருக்காக வழக்கத்தை மாற்றினால் பலகையில் மற்றவர்களுக்கு நம்பிக்கை போய்விடும். ஒட்டினேன்.

ஒரு கிழமைக்குள் அவளுக்குக் 'களவுக்கதைக்காரி' என்று பெயர் வந்தது. பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்த கலியாணம் நின்றது. மார்க்கண்டர் என்னிடம் வந்தார்.

"நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள். என்ரை பிள்ளை களவெடுத்தவளோ?"

"ஓம், நான்தான் வைச்சனான். கொழும்பிலை என்ன நினைச்சாங்களோ தெரியாது, மார்க்கண்டண்ணை."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

பாமா அழவில்லை. ஆட்கள் தெருவில் நிற்கிற நேரம் பார்த்துத்தான் வந்தாள், ஒளிந்து வந்ததாக இருக்கக்கூடாதென்று. "நான் என்ன செய்தால் நம்புவினம், மாமா?" என்று கேட்டாள். வைரவர் கோயிலில் கற்பூரம் அணைக்கும்படி சொன்னேன். எங்கள் பகுதியில் பெரிய சத்தியம் அதுதான். சந்நிதியில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைப்பார்கள். சூடு தெரிகிறதுக்கு முதல் முடிந்துவிடும். கற்பூரம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கடையில் சின்னக் கட்டி முடிந்திருந்தது.

ஊர் முழுக்க வந்திருந்தது. அவள் அடிக்கவில்லை. எரிகிற கட்டியை வலது உள்ளங்கையில் எடுத்து வைத்து, விரல்களைப் பொத்திப் பிடித்தாள். 'கதை என்ரைதான்' என்று மூன்றுதரம் சொன்னாள். மூன்றாவது தரம் குரல் மாறியிருந்தது. கையை விரித்துவிட நாலு பேர் தேவைப்பட்டார்கள். அதில் ஒருவன் நான்.

அன்றைக்கும் சோளகம். லோஞ்சு இல்லை. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு நாள் காத்திருந்தோம். துறையில் அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கதைக்கவில்லை. கை ஆறியது. மூன்று விரல்கள் உள்ளங்கையோடு மடங்கியபடி நின்றுவிட்டன.

ஊர் நம்பியது. கொழும்பு நம்பவில்லை, அங்கே எங்கள் வைரவர் இல்லை. அந்த இதழ் அவளை மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

பேனா பிடிக்க முடியாதவள் என்ன செய்வாள். அவள் சொன்னாள், நான் எழுதினேன். பதினைந்து ஆண்டுகளாக நாலு மணிக்கு என் வீட்டுக்கு வருகிறாள். குசினிப் பக்கமாக வந்து, எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, கதிரையில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். நான் ஒரு சொல்லையும் மாற்றியதில்லை. சந்தி மட்டும் திருத்துவேன். சில இடங்களில் பேனா தானாக நின்றுவிடும். அப்படி எழுத என்னால் ஒருநாளும் ஏலாது என்று தெரிந்துகொண்டு எழுதுகிறவனின் பேனா அப்படித்தான் நிற்கும்.

"கை நோகுதோ, மாமா?" என்று கேட்பாள்.

என்னிடம் கேட்பாள்.

ஒருமுறை, எழுபதாம் ஆண்டளவில், இடது கையால் எழுதிய மூன்று பக்கங்களைக் கொண்டுவந்தாள். ஒருவருக்கும் சொல்லாமல் எட்டு மாதம் பழகியிருக்கிறாள். எழுத்துகள் சரிந்திருந்தன. வாசிக்க முடிந்தது, உண்மையைச் சொன்னால் நன்றாகவே வாசிக்க முடிந்தது.

"பிள்ளை, இதை வாசிச்சால் நடுவர்மாருக்குக் கண் நோ வந்திடும்" என்றேன்.

சிரித்தாள். நான் பகிடி விட்டால் எப்போதும் சிரிப்பாள். தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். பிறகு கொண்டுவரவில்லை.

உங்கள் போட்டி தொடங்கியபோது அதே அத்தாட்சி விதியை நீங்களும் வைத்தீர்கள். நான் அதே வாக்கியத்தை எழுதினேன். வேறு எதை எழுத. ஒருமுறை சொன்னதை மாற்றினால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும், சமாதான நீதவானுக்கு இரண்டு நாக்கு இருக்கக்கூடாது. பதினொரு தடவையும் உறையை அவளே தபாலில் சேர்த்தாள்.

உங்கள் கடிதம் வந்த அன்றும் நாலு மணிக்கு வந்தாள்.

"முடிவோ, மாமா?"

"ஓம்."

"இந்தமுறையும் எனக்கில்லைப் போலை. ஆருக்காம்?"

"ஆரோ ஒரு வயதுபோன மனுசனுக்காம்."

இதிலும் பொய் இல்லை.

"பாவம். அவரும் கனகாலம் எழுதியிருப்பார். சந்தோசப்படட்டும்" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடுத்த கதையைத் தொடங்கினாள்.

அன்றைக்குப் பேனா ஓடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனவே: நெடுந்தீவு சமாதான நீதவான் பரராசசிங்கமாகிய நான், உங்களிடம் உள்ள பதினொரு கதைகளும் 1963இல் விலக்கப்பட்ட கதையும் செல்வி சத்தியபாமா மார்க்கண்டுவின் சொந்தப் படைப்பு என உறுதிப்படுத்துகிறேன். அவளைக் கள்ளி ஆக்கியது நான். அவளின் கையை எரித்ததும், கற்பூரத்தைத் தவிர்த்துப் பார்த்தால், நானே. கொழும்பைப் பற்றி மேலே எழுதியதை நீங்கள் அவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டாம். லோஞ்சில் அவள் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்க்க என்னால் ஏலாது என்பதும் ஒரு காரணந்தான். பொன்னாடை அவளுக்கு உரியது. தகப்பனும் இப்போது இல்லை, அவளைத் தடுக்க ஒருவரும் இல்லை.

இந்த உறைக்கும் அரக்கு முத்திரை இட்டிருக்கிறேன். நாலு மணிக்கு வந்ததும் வழக்கம்போல் அவளே தபாற்கந்தோருக்குக் கொண்டுபோவாள்.

நீங்கள் அவளுக்கு நேராகவே எழுதலாம், எழுதத்தான் வேண்டும். விலாசம் மட்டும் என்னுடையதாக இருக்கட்டும். அந்தக் கையோடு உறை கிழிப்பது அவளுக்குக் கஷ்டம். நானே பிரித்து, அவளுக்குத் தெரியவேண்டியதை வாசித்துக் காட்டுகிறேன்.