நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம்

...இல்லம்மா, நீயே சொல்லு. ரிலே ஓட்டத்துல எத்தன பேரு ஓடுவாங்க? நாலு பேரு. பாலர் பள்ளி புள்ளைக்குக்கூட தெரியும். இங்க பாரு, நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துப் படம். எண்ணு. ஒன்னு, ரெண்டு, மூணு. நாலாவது ஆளு எங்க? டாய்லெட்டுக்குப் போயிட்டாளா?

உன் பேரு என்னா, சட்டையில குத்தியிருக்கே... செரீனா. நல்ல பேரு. நீ மேசையில ஒக்காந்து புத்தகம் விக்கிற புள்ள, உன்னக் கோவிச்சு என்னா ஆகப்போவுது. உள்ள வெளியீட்டு மேடையில இருக்காரே எழுத்தாளரு தனேஷு, அவர இங்க நிக்க வச்சு கேக்கணும். அட்டையில தங்க எழுத்துல போட்டிருக்காரு, கிள்ளான் வட்டாரத்து நம்மாளுங்க விளையாட்டு வரலாறாம். வரலாறு! மூணு பேரு ரிலே ஓடுன வரலாறு!

நீ இரு, எங்கயும் போகாத. உள்ள இன்னும் வாழ்த்துரை முடியல. ஒருத்தரு மைக்க புடிச்சா விட மாட்றாரு. இந்தா, புத்தகத்துலயும் அதே கதைதான். மொத எழுவது பக்கம் வாழ்த்துரை. ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு கோட்டு, ஒரு டை, ஒரு டத்தோ பட்டம். விளையாட்டு வரலாறுன்னு சொல்லிட்டு எழுவது பக்கம் வரைக்கும் ஒருத்தனும் ஓடல, ஒருத்தனும் பந்து ஒதைக்கல. எல்லாரும் கைய கட்டிக்கிட்டு சிரிக்கிறாங்க.

பன்னெண்டாம் பக்கத்தப் பாரு. கார்த்திகேசு. "விளையாட்டுத்துறை ஆதரவாளர்." அலாமாக்! இவரு எல்ஆர்டி கதவு மூடப்போவுதுன்னா நின்னு அடுத்த ரயில்ல வருவாரு. ஓட மாட்டாரு. நாப்பத்தி மூணு வருஷமா பாக்குறேன். எப்படித் தெரியும்னு கேக்குறியா? என் வீட்டுக்காரரு லா! முன் வரிசையில பொன்னாடை போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு பாரு, ஃபேனுக்குக் கீழ.

சரி, விளையாட்டு எங்க வருதுன்னு பாத்தா, அடுத்து கால்ல போடுற சப்பாத்து. முப்பது பக்கம்! உள்ள கார்பன் தகடு வைக்கிறாங்களாம், அது கால தூக்கிக் குடுக்குதாம், நிமிசத்துல ரெண்டு செகண்டு மிச்சமாம். தொழில்நுட்பமாம். நாங்க வெறுங்கால்ல... அந்தப் பொண்ணுங்க வெறுங்கால்ல ஓடுனாங்க. கேரி தீவு தோட்டத்துப் புள்ளைங்க. செம்மண் ரோட்டுல ஓடி ஓடி பாதமே தகடு மாதிரி ஆயிருக்கும். அதுக்கு ஒரு வரி இல்ல.

என்னா அப்படி பாக்குற? கேள்விப்பட்டதத்தான் சொல்றேன்.

அப்புறம் மருத்துவம். பெட்டாலிங் ஜெயா டாக்டரு ஒருத்தரு எழுதியிருக்காரு. தசை பிடிச்சா ஐஸ் வைக்கணும், கால ஒசத்தி வைக்கணும், ஆறு வாரம் ஓய்வு எடுக்கணும். ஆறு வாரம்! தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசருகிட்ட ஒரே மருந்துதான், மஞ்ச மருந்து. முட்டி பேந்தாலும் மஞ்ச மருந்து, மண்ட ஒடஞ்சாலும் மஞ்ச மருந்து. தொட பிடிச்சுக்கிட்டா மினியாக் அங்கின் தைலம் தேச்சுட்டு, விடிஞ்சதும் எண்ணெய் எடுக்குற செம்பனக் காட்டுல உதிரிப் பழம் பொறுக்கப் போகணும். போகலன்னா வேல வாங்குற மண்டோரு லயத்து வீட்டுக்கே வந்து கத்துவான். இத எழுதுங்கடா, வரலாறுன்னு ஒத்துக்கிறேன்.

இப்ப பக்கத்துக்கு வா. ஆயிரத்தி தொள்ளாயிரத்தி எழுவத்தி ஒம்பது, மாநிலப் போட்டி. நாலு தோட்டத்துப் பொண்ணுங்க, தோட்டத்து லோரியில நின்னுக்கிட்டே போனாங்க. மொத ஓட்டம் இந்தா நிக்கிறா பாரு, தங்கமணி. ரெண்டாவது நூர்ஜஹான். மூணாவது டொரத்தி. டொரத்தி பேட்டன குடுக்கும்போது டீம் நாலாவது எடத்துல இருந்திச்சு. எல்லாம் போச்சுன்னு கூட வந்த மாஸ்டரு தொப்பிய கழட்டிட்டாரு. கடைசி நூறு மீட்டரு. மூணு பேரு முன்னாடி, அதுல ஒருத்தி டவுன் ஸ்கூலு, அடியில ஆணி வச்ச கம்பி சப்பாத்து போட்டவ. ஒருத்திய வளைவு முடியுற எடத்துலயே தாண்டியாச்சு. இன்னொருத்தி பாதியில தளந்துட்டா. கம்பி சப்பாத்துக்காரி கடைசியில திரும்பிப் பாத்தா. ஓடுறப்ப திரும்பிப் பாக்கவே கூடாது! அங்கதான் புடிச்சது. நெஞ்ச குடுத்து கயித்த அறுத்தது. அந்தக் கயிறு இங்க, கழுத்தோரம் பட்டு எரிஞ்சிச்சு, ரெண்டு நாளைக்கு...

அந்த ஆளுக்கு இந்தப் புத்தகத்துல என்னா கெடச்சிச்சு? படி. சத்தமா படி. "நான்காவது ஓட்டக்காரர் அடையாளம் தெரியவில்லை."

அடையாளம் தெரியலையாம்! ஆத்துல மெதந்து வந்த பொணமா?

விசாரிச்சாரான்னு கேக்குற. விசாரிச்சாரு. நூர்ஜஹான் போயிச் சேந்துட்டா, பாவம். டொரத்தி ஆஸ்திரேலியா போனவ, நம்பரு கெடைக்கலையாம். தங்கமணி இங்கதான் பங்சார்ல மக வீட்டுல இருக்கா, ஆனா பெத்த மகளையே யாருன்னு கேக்குறா. அப்ப மிச்சம் யாரு? படம் குடுத்த ஆளு. அந்த ஆளுக்கும் போன் போட்டுக் கேட்டாரு.

படத்துக்குக் கீழ பொடி எழுத்துல ஒன்னு இருக்கு. உனக்கு கண்ணு நல்லாத்தானே தெரியும், படி.

ஆமா. "படம் உதவி: திருமதி சந்திரகலா கார்த்திகேசு." நாந்தான்.

அப்படி பாக்காத. எம்பத்தி ரெண்டுல எனக்கு மாப்பிள பாத்தாங்க. தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி வீட்டுச் சம்பந்தம். அந்தக் காலத்துல பொண்ணு பாக்க வந்தா, பசியாற வைக்கிறதுக்கு முன்னாடியே ஆல்பத்தக் கையில குடுப்பாங்க. மாமியாகாரி ஒவ்வொரு ஏடா தூக்கித் தூக்கிப் பாக்கும். இந்தப் படத்துல நான் தொட தெரிய ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். அம்மா ஒளிச்சு வைடின்னுதான் சொன்னாங்க. வெட்டச் சொல்லல. வெட்டுனது நானு. கத்திரிக்கோல எடுத்து என்னைய மட்டும் வெட்டி அடுப்புல போட்டேன். மூணு பேரு மிச்சம். மாமியா பாத்துட்டு, யாரு இந்தப் புள்ளைங்கன்னு கேட்டாங்க. கூடப் படிச்சவங்கன்னு சொன்னேன். கல்யாணம் நல்லா நடந்திச்சு.

பழைய படம் வேணும்னு தனேஷு வாட்சப்புல கேட்டப்ப, நாந்தான் கவருல போட்டு அனுப்புனேன். ஏன் அனுப்புனேன்? தெரியல. யாராச்சும் கண்டுபிடிச்சிருவாங்கன்னு ஒரு ஆசதான், வேற என்னா. போன் வந்தப்ப என் வீட்டுக்காரரு பக்கத்துல ஒக்காந்து அவரோட வாழ்த்துரைய எனக்கே படிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தாரு. "நம் பெண்கள் தடைகளைத் தாண்டி ஓட வேண்டும்." நாலாவது பொண்ணு யாருன்னு தெரியுமா ஆன்டின்னு போன்ல தனேஷு கேக்குறாரு. தெரியலப்பான்னு சொல்லிட்டு, இவருக்கு டீ ஆத்தப் போயிட்டேன். வெட்கங்கெட்ட வாயி.

இப்ப வந்து உன்கிட்ட கத்துறேன்.

கிட்ட வா, ஒன்னு காட்டுறேன். டொரத்தி தோள்மேல பாரு. ஒரு கை தெரியுதா? ஒடம்பு இல்லாம கை மட்டும். கத்திரிக்கோலு அங்க மட்டும் போகல. போனா டொரத்தி தோளும் போயிருக்கும். அது என் கை. நடு விரலு வளஞ்சிருக்கா? இந்தா, இப்பவும் வளஞ்சிருக்கு. வச்சுப் பாத்துக்க.

அந்தப் பேனாவ குடு. என்னா பண்றேனா? எழுதுறேன். "அடையாளம் தெரியவில்லை"க்கு ஒரு கோடு. மேல, சந்திரகலா, கடைசி நூறு மீட்டர். முடிஞ்சது. அடுத்த புத்தகத்த தள்ளு. அதையும் தள்ளு.

ஏய், எங்க போற? தனேஷக் கூப்பிடவா? போ, போயிக் கூப்பிடு. அப்படியே முன் வரிசையில பொன்னாடை போட்டுக்கிட்டு ஒருத்தரு இருப்பாரு, அவரையும் கூட்டிட்டு வா. அவரு பொண்டாட்டி கூப்பிடுறாங்கன்னு சொல்லாத. நாலாவது பொண்ணு கெடச்சிட்டான்னு சொல்லு.

மெதுவாவே வாங்க. இன்னும் ரெண்டு பெட்டி புத்தகம் பிரிக்கவே இல்ல.