சிஸ்டர் பெனிக்னாவின் புதுமை

— கத்திய வச்சிட்டு என் மூஞ்சியப் பாத்துப் பேசும்மா. வாழைக்காய் எங்கயும் ஓடிப் போவாது.

— வாழைக்காய் ஓடாது, எண்ணெய் காயுதுல்ல? கிப்தோ போய்ச் சேர நாலு மணி நேரம். வெறும் வயித்தோட படகுல உக்காந்து போய் ஆயர் முன்னாடி மயங்கி விழப்போறியா? புதுமைப் பிள்ளை பசியில விழுந்துச்சுன்னு அதையும் எழுதிக்குவாங்க.

— அந்தப் பேரச் சொல்லாத.

— எந்தப் பேரு?

— புதுமைப் பிள்ளை. அற்புதத்தால பொழச்சவளாம். இன்னிக்கு ஒரு நாளாவது சொல்லாத. இந்தா, இதப் பாரு.

— எழுத்து தெரியாதவகிட்ட காகிதத்த நீட்டு. படிச்ச திமிரு.

— இதுக்கு எழுத்து வேணாம். கீழ, மூலையில. என்ன அது?

— கைநாட்டு.

— யாரோடது?

— நம்ம ஊர்ல பாதிப் பேரு கைநாட்டுதான். பூசைக்கு வர்ற எல்லாரு விரலையும் நானா பாத்துக்கிட்டு இருக்கேன்?

— குறுக்க ஒரு கோடு ஓடுது பாரு, விரல ரெண்டாப் பொளந்த மாதிரி. உன் கட்டைவிரல நீட்டு. நீட்டுங்கறேன்ல! ஆத்துல தங்கம் அரிக்கப் போன எடத்துல வெட்டுக்கத்தி பட்ட தழும்பு. இந்தக் கரையில வேற எவளுக்கு இருக்கு?

— எண்ணெய் புகையுது யாதிரா.

— அணைச்சிட்டேன். போதுமா? இப்ப நான் படிக்கிறேன், நீ கேளு. சுகாதார நிலையத்து மலேரியா நோட்டு. இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தினது. பழைய நோட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலைய என் தலையிலதான் கட்டியிருக்காங்க. 'யாதிரா ரெந்தேரியா. வயது நான்கு. கிருமி: மூன்று கூட்டல் குறி.' நான் ரத்தம் பாத்துச் சம்பளம் வாங்குறவ, எனக்குத் தெரியும். மூணு கூட்டல்னா சாவுக்கு அடுத்த வீடு. 'மருந்து: குயினின் மாத்திரை, ஒரு பிள்ளைக்கான முழு அளவு. பெற்றுக்கொண்டவர்: தாய்.' அதுக்குக் கீழ உன் விரல்.

— எப்பப் பாத்த?

— 'அது நான் இல்ல'ன்னு சொல்லுவேன்னு நெனச்சேன். எப்பப் பாத்தன்னு கேக்குற. செவ்வாக்கிழமை பாத்தேன். மூணு நாளாத் தொண்டையில சோறு எறங்கல.

— அதான் மீனக் கூடத் தொடலையா? நான் எவனோ பையன் விவகாரம்னு நெனச்சேன்.

— சிரிக்காத. இன்னிக்கு மத்தியானம் நான் ஆயர் வீட்டுல வேதாகமத்து மேல கை வச்சு என்ன சொல்லப் போறேன் தெரியும்ல? 'எனக்கு எந்த மருந்தும் கொடுக்கப்படவில்லை. மூணு நாள் நினைவில்லாம கிடந்த நான் செத்துப்போன சிஸ்டர் பெனிக்னா கடவுள்கிட்டச் செஞ்ச பரிந்துரையால மட்டும் பிழைச்சேன்.' அத வச்சுத்தான் அந்தம்மாவுக்குப் புனிதர் பட்டம். மருந்து வாங்கின கையோட நீ என்னை அனுப்புற.

— நான் அனுப்பல. சாமியார் கூப்பிடுறாரு, நீ போற.

— ஆகா! இருபத்திரண்டு வருசம் அனுப்பினது யாரு? நவம்பர் வந்தா வெள்ளைச் சட்டை மாட்டி அந்த சிஸ்டரோட கல்லறைக்குப் பக்கத்துல நிறுத்துவியே, அது யாரு? எல்லா ஊர்ப் பொம்பளைங்களும் என் முடியத் தொட்டுக் கும்பிடுவாங்க. தொட்டாப் பரவாயில்ல, பிச்சுக்கிட்டுப் போவாங்க. எட்டு வயசுல ஒருத்தி காய்ச்சக்காரப் பிள்ளையக் கொண்டாந்து என் கையப் புடிச்சு அது நெத்தியில வச்சா. சுகாதார நிலையம் போற வழியில எறங்கி எங்கிட்ட வந்தா. நெனப்பு இருக்கா?

— இருக்கு.

— அப்புறம் அவ சுகாதார நிலையம் போகல. அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?

— யாதிரா...

— என்ன ஆச்சு? வாயத் தொறந்து சொல்லு.

— செத்துப் போச்சு. அதுக்கு நீ என்னடி பண்ணுவ? நீயே எட்டு வயசு.

— நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீ பண்ணியிருக்கலாம். 'இவ மாத்திரை முழுங்கிப் பொழச்சவ, நீயும் போய் வாங்கு'ன்னு ஒரு வார்த்த. அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு உயிரு. நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு செபமாலை உருட்டிக்கிட்டு இருந்த. அன்னிக்கு எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? எங்கிட்டதான் ஏதோ பாவம் இருக்கு, அதான் என் கை வேலை செய்யலன்னு. எட்டு வயசுல போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். என்ன பாவம்னு கேட்டாரு சாமியார். தெரியலன்னேன்.

— ஏ ஹெர்சீலியா! ஏ கதவத் தொற! மழை மண்டையில கொட்டுது, துணி நனையுது!

— உன் ஞானத்தாய் தொமித்திலா. காகிதத்த மறச்சு வை.

— ஏன் மறைக்கணும்?

— எனக்காக வேணாம், அவளுக்காக. வாடி தொமித்திலா, வா.

— எங்க என் தங்கம்? இந்தா பாருடி, கஞ்சி போட்டுத் தேச்சிருக்கேன். கல்யாணப் பொண்ணுக்குக் கூட இப்படி ஒரு வெள்ளை கெடைக்காது. என்ன ரெண்டு பேரு மூஞ்சியும் வெந்த வாழைக்காய் மாதிரி இருக்கு?

— ஒண்ணுமில்ல ஞானம்மா. கொஞ்சம் பயம்.

— பயமா? ரோமாபுரியிலேருந்து வந்திருக்கானாம் ஒருத்தன், கேள்வி கேக்குறதுக்குன்னே. கேக்கட்டும்! என்னக் கேட்டா நான் சொல்லுவேன், இந்தக் கண்ணால பாத்தேன். உங்கம்மா படகுத்துறையிலேருந்து கல்லறை வரைக்கும் முட்டியாலேயே போனா. கல்லுல ரத்தம். அன்னிக்கு ராத்திரியே உன் அண்ணன் கண்ண மூடி வானதூதனா, சம்மனசாப் போனான். செத்த பிள்ளைக்குச் செய்யிற வழக்கப்படி நாங்க அவனக் கையில ஏந்திப் பாடி ஆடிக்கிட்டு இருக்கோம், மூலைப் பாயிலேருந்து ஒரு சத்தம், 'தண்ணி'ன்னு! பாட்டு நின்னு போச்சுடி. எனக்கு இப்பவும் புல்லரிக்குது, இங்க பாரு.

— நீங்க படகுக்குப் போங்க ஞானம்மா. நாங்க வர்றோம்.

— அரை மணி நேரம்தான். மோட்டார்க்காரன் யாருக்காகவும் நிக்க மாட்டான், புனிதருக்காகவும் நிக்க மாட்டான். ஹெர்சீலியா, அந்த நல்ல செருப்பப் போட்டுக்க!

— போயிட்டா.

— ம். உன் சாட்சி போயிட்டாங்க. பாத்தியா அவங்க கண்ண? பொய்யே இல்ல அதுல. மாத்திரையப் பத்தி அவங்களுக்குத் தெரியுமா?

— யாருக்கும் தெரியாது.

— கடவுளத் தவிர.

— அவருக்குத் தெரியும்.

— இருக்காரா அவரு? இல்ல, சும்மா கேக்குறேன். உனக்கு என் நிலைமை புரியாது. மெதெயின்ல படிக்கிறப்ப ஹாஸ்டல்ல ஆறு பேரு ஒரு அறை. நான் முட்டி போட்டா அஞ்சு பேரும் சிரிப்பாளுங்க. 'காட்டுக்காரி, கல்லுகிட்டப் பேசுறா'ன்னு. ஒருத்தி நேராவே கேட்டா, உன் கடவுளுக்கு என்ன ஆதாரம்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'நான்தான்டி ஆதாரம். இந்த உடம்பு. தொட்டுப் பாரு'ன்னேன். அஞ்சு வருசம் அதச் சொல்லியே சமாளிச்சேன். ராத்திரி சந்தேகம் வரும். நாடியப் புடிச்சுப் பாப்பேன். அடிக்குதுல்ல, அப்ப அவரு இருக்காருன்னு தூங்கிருவேன். அத நீ எடுத்துட்ட. பத்துப் பன்னெண்டு மாத்திரைய முழுங்க வச்சுட்டு...

— நீ முழுங்கல.

— என்ன?

— நீ ஒரு மாத்திரை கூட முழுங்கல.

— நோட்டுல இருக்கு, உன் விரல் இருக்கு...

— வாங்கினேன். உன் பேருலதான் வாங்கினேன். ரத்தம் எடுக்க வந்தவன் உன் விரலக் குத்திக் கண்ணாடியில ஒரு சொட்டு வாங்கிட்டுப் போயிட்டான். உன்னைத் தூக்க முடியல, நான் தனியாத் துடுப்புப் போட்டுப் போனேன். போக ஒரு நாள், ஆறு ஏறிக் கிடந்ததால வர ரெண்டு நாள். வந்து பாக்குறேன், ஒரே பாயில ரெண்டு பேரு. உன் அண்ணன் எடில்சனும் கொதிக்கிறான்.

— அவன் காய்ச்சல் கண்ட அன்னிக்கே, எதுவும் குடுக்குறதுக்கு முன்னாடியே போயிட்டான்னு சொன்ன.

— அப்படித்தான் சொன்னேன்.

— அப்ப?

— அவனுக்குக் குடுத்தேன்.

— என் மாத்திரைய.

— உன் மாத்திரைய.

— திரும்பிப் போய் இன்னொண்ணு வாங்கியிருக்கலாம்ல?

— உன் வரிக்கு அடுத்த வரியில என்ன எழுதியிருக்கு? படி.

— ...'இருப்பு இல்லை. அடுத்த படகு எட்டு நாள் கழித்து.'

— மருந்து குடுத்தவளே சொன்னா, இதான் கடைசின்னு.

— பாதி பாதி குடுத்திருக்கலாம்ல!

— அதையும் சொல்லித்தான் அனுப்பினா. பாதி குடுக்குறதும் குப்பையில போடுறதும் ஒண்ணுன்னு. நீ படிச்சவ, நீ சொல்லு. பொய்யா?

— ...பொய் இல்ல.

— சொல்றேன் கேளு. உன் கண்ணு மேல சொருகிக் கிடந்துச்சு. கிள்ளினேன், அசையல. அவன் பேசினான். 'அம்மா, பழம் வாங்கியாந்தியா'ன்னு கேட்டான். பேசுற பிள்ளைக்குக் குடுத்தேன்டி.

— ஆம்பளப் பிள்ளைன்னு குடுக்கலையா?

— அதுவும் இருக்கலாம். இன்னிக்குப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

— மாத்திரை முழுங்கியும் அவன் போயிட்டான்.

— மொத நாலு வயித்துல தங்கல. வாந்தி. பொறுக்கி எடுத்துத் தொடைச்சுத் திரும்பக் குடுத்தேன். மீதியும் அதே கதிதான், ஒண்ணும் மிச்சமில்ல. அன்னிக்கு ராத்திரி போயிட்டான். சனங்க வந்து பாட ஆரம்பிச்சிட்டாங்க. அழக்கூடாதுல்ல, சம்மனசு சிறகு நனைஞ்சிரும்ல. என் கையிலேருந்து வாங்கி ஆளுக்கு ஆள் கைமாத்தி ஆடுறாங்க. நானும் ஆடினேன். அப்பதான் நீ தண்ணி கேட்ட. 'சிஸ்டர் பெனிக்னா குடுத்துட்டா'ன்னு தொமித்திலா கத்தினா. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் தலைய ஆட்டினேன்.

— தலைய ஆட்டினதும் பொய்தான்.

— எதுல பொய்? மருந்து குடுக்கலன்னு சாமியாருங்களே எழுதினாங்க. குடுக்கலதான்.

— இரு, இரு. பேசாத. இதுக்கு என்ன ஆதாரம்?

— எதுக்கு?

— மாத்திரைய அவன் முழுங்கினான், நான் முழுங்கலன்னு.

— என் வார்த்த.

— இருபத்திரண்டு வருசம் மூடிக் கிடந்த வாய் அது. அத எப்படிம்மா நம்புறது?

— நம்பாட்டிப் போ. ஒரு தாய் இத இட்டுக்கட்டிச் சொல்லுவாளா?

— ...மாட்டா. சொல்ல மாட்டா. இப்படி ஒரு அசிங்கத்த யாரும் சும்மா சொல்ல மாட்டாங்க.

— எங்க எழுந்திரிக்கிற?

— அந்த வெள்ளைச் சட்டைய எடு.

— யாதிரா, என்ன பண்ற?

— போட்டுக்கப் போறேன். என்ன பாக்குற? ஒண்ணு சொல்றேன். உன்னை என்னால மன்னிக்க முடியாது. எனக்குன்னு எழுதின மருந்து, என் ரத்தத்தப் பாத்துக் குடுத்த மருந்து. என்னைப் பொணம்னு முடிவு பண்ணி ஓரமா ஒதுக்கிட்ட. அத நீ சாவுற வரைக்கும் கேப்பேன். ஆனா அவரு இருக்காருல்ல? மூணு கூட்டல், நாலு வயசு, ஒரு மாத்திரை கூட இல்ல, பொழச்சிருக்கேன். நீ கைய விட்ட எடத்துல அவரு புடிச்சிருக்காரு. ஹாஸ்டல்ல நான் சொன்னது சரிதான். நான் பொய் சத்தியம் பண்ணப் போறதில்ல. எனக்கு அது போதும். பின்னால பட்டனப் போட்டு விடு. தப்பான ஓட்டையில போடுற பாரு.

— ஏய் ரெண்டு பேரும் வாங்கடி! மோட்டார் போட்டுட்டான்!

— வந்துட்டோம் ஞானம்மா! கிளம்பு. நல்ல செருப்பு எங்க?

— நான் வரல.

— நீ ரெண்டாவது சாட்சி. நீ வராம எப்படி?

— எனக்கு மேலுக்கு முடியல. போயிட்டு வா, மகளே. என்னை விட்டுரு.

— முட்டியால நடக்கத் தெம்பு இருந்துச்சு, படகுல உக்காரத் தெம்பு இல்லையா? உன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான். ஆயர் வீட்டுத் தாள் எல்லாம் நான் படிச்சிட்டேன். பழைய வாக்குமூலத்துல 'தாய் கல்லறையில் வேண்டிக்கொண்டாள்'னு மட்டும்தான் இருக்கு, என்ன வேண்டினான்னு இல்ல. அத மட்டும் கேப்பாங்க. 'என் மகளைக் காப்பாத்துன்னு கேட்டேன்'னு சொல்லு, கைநாட்டு வை, திரும்பிடலாம்.

— அதச் சொல்ல மாட்டேன்.

— ஏன்? இத்தன வருசம் தலைய ஆட்டின. இன்னிக்கு ஒரு உண்மையச் சொல்ல என்ன?

— வேதாகமத்து மேல கை வைக்கணும்ல.

— வை! நீ எனக்குச் செஞ்ச ஒரே நல்லது அதுதான். மாத்திரைய அவனுக்குக் குடுத்த, வேண்டுதலையாவது எனக்குக் குடுத்தியே. ரத்தம் வர முட்டி போட்டுப் போய், அந்தக் கல்லுல தலைய வச்சு... அம்மா. ஏன் அப்படிப் பாக்குற? அம்மா, கல்லறையில என்ன கேட்ட?

— மாத்திரையக் குடுத்துட்டுத்தான் ஓடினேன். 'இவள வேணா எடுத்துக்க, எடில்சன எனக்கு விட்டுரு'ன்னுதான் மகளே கேட்டேன்.