ஊட்டுக்காரி பத்தி ஒரு வரி

— காலேசு மனுவுல மொத வரிய மறுக்காப் படி, ராசாத்தா. இங்கிலீசுல எழுதுனதத் தமிழ்ல சொல்லு.

— ‘சூலூர் விவசாயி சுப்பண்ணன் மகனாகிய நான்...’

— நடுவுல என்ற பேரு வருமல்ல? அதெங்க?

— எழுதியிருக்கறனுங்க. வாயில சொல்றதுக்கில்லீங்க.

— அரங்கசாமின்னு ஒருக்காச் சொல்லு பாக்கலாம். இங்க ஆரு கேக்கறாங்க?

— புருசன் பேரச் சொன்னா ஆயுசு கொறையுமுங்க... உங்களுக்கு.

— மிசன் பள்ளிக்கோடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சவ பேச்சா இது? செரி செரி, மேல படி.

— ‘விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு, மாட்டுக்குத் தீவனம் போட்டு, அடுப்பு வெளிச்சத்துல பாடம் படிச்சேன்...’

— நான் எப்ப அடுப்புக்கிட்டப் போனேன்?

— நானுங்க போனது. எதுக்குப் படிக்கோணும்ன்னு கேட்டா, நீயே என்னமாச்சும் எழுதுன்னீங்க. எனக்குத் தெரிஞ்சத எழுதுனேன்.

— குசும்பு... ஆனாலும் நல்லாத்தான் இருக்குது. பிரின்சிபால் மனசு எறங்கிருவாரு. இன்னும் ஒரே ஒரு வரி, அம்மணி.

— சொல்லுங்க.

— ‘எனக்கு இன்னுங் கண்ணாலம் ஆகல’ன்னு... ஏன், பேனாவக் கீழ வெச்சுட்ட?

— மை தொடோணுமுங்க... அந்த வரி எதுக்குங்க?

— கண்ணாலம் ஆனவங்களக் காலேசு ஆஸ்டல்ல சேத்த மாட்டாங்களாமா. சும்மா ஒரு பேச்சுக்குத்தான். ரண்டு வருசம். இன்டர் முடிச்சதும் வந்தர்றேன்.

— கருமத்தம்பட்டி லட்சுமணசாமியண்ணன் அதே ஆஸ்டல்லதானுங்களே இருக்காரு? அவருக்குக் கொழந்தையே இருக்குதுங்க.

— அது... போன வருசச் சட்டம்.

— ஓகோ.

— நீ எழுது. பொழுது எறங்கறதுக்குள்ள நான் கணபதி போகோணும்.

— காலேசு கணபதியிலீங்களா இருக்குது?

— அங்க மில்லுக்காரர் ஒருத்தர் இருக்காரு. அவரு சிபாரிசு பண்ணுனா எடம் கெடைக்குமாம். இத அவரும் ஒரு பார்வை...

— அவரு பாக்கறதுக்குத்தானுங்களா அந்த வரி?

— என்ன பேச்சு இது...

— அவருக்கு ஒரு பொண்ணு இருக்குதாமுங்களே. சாந்தாமணின்னு.

— ஆரு சொன்னது உனக்கு?

— உங்க ஆத்தாதானுங்க. பொண்ணுப் பாக்கப் போறதுக்கு எம்பட கூறப்பொடவையவே கேட்டு வாங்கிக் கட்டிட்டுப் போனாங்க. அதுக்கப்பறம் ஆரு தனியாச் சொல்லோணும்?

— இதபாரு, ராசாத்தா... உன்னையத் தள்ளிவெக்கறேன்னு நெனைச்சுக்காத. நீ பாட்டுக்குத் தோட்டத்துல இரு. ஆத்தாளப் பாத்துக்க. சோத்துக்குக் கொறை வெக்க மாட்டேன்.

— செரிங்க.

— கோவமா?

— இல்லீங்க... எழுதிப்போட்டேன். இந்தாங்க. மை காயல, கைய வெச்சறாதீங்க.

— அட... அம்மணின்னா அம்மணிதான். நீ அழுதுருவயோன்னு நான் பயந்தே போனேன்.

— அழுகறதெல்லாம் பொடவை போன அன்னைக்கே முடிஞ்சுதுங்க. அன்னைக்கே இதாட்டம் இன்னொண்ணும் எழுதுனேன்.

— இன்னொண்ணா? ஆருக்கு?

— எனக்குத்தான். கோயமுத்தூர்ல வாத்தியாரம்மா ட்ரெயினிங் பள்ளிக்கோடத்துக்கு. நான் எதுக்குப் படிக்கோணும்ன்னு அங்கயும் கேட்டிருந்தாங்க. அதே அடுப்பு, அதே மாடு... எடம் கெடைச்சிருச்சுங்க. நாளைக்குப் போறேன்.

— எங்களக் கேக்காமயா? புருசன் சம்மதம் இல்லாம எப்படிச் சேத்துனாங்க?

— தாலியறுத்தவங்களுக்குத்தானுங்க அங்க மொத எடம்.

— அதுக்கு? நீ என்ன தாலியறுத்தவளா?

— நானும் ஒரே ஒரு வரிதானுங்க எழுதுனேன்... என்ற புருசன் அரங்கசாமி செத்துப் போயிட்டாருன்னு.