சொதப்புகிற பாடம்

தாம்பரத்தில் ரயில் ஏறியதும் பேப்பரை விரித்தேன். எதிரே இருந்த டீச்சரம்மா பக்கத்திலிருந்த இளம் வாத்தியாரிடம், "நல்லா வர்ற பாடத்தை எடுக்காதீங்க சார், சொதப்பற பாடத்தை எடுங்க" என்றார். அதன்பின் பேப்பர் வெறும் மறைப்புதான்.

சுற்றுவட்டாரச் சின்னப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்களாம். ஒருவர் பாடம் நடத்துவார். மற்றவர்கள் பெஞ்சில் மாணவர்களாக உட்கார்ந்து குறை சொல்வார்கள். இன்று இந்த இளம் வாத்தியார் முறை.

"எல்லார் முன்னாடியும் மானம் போகுமே, டீச்சர்!"

"உங்க பசங்களுக்கு ஏன் பின்னக் கணக்கு ஏறலைன்னு தெரிய வேணாமா?"

"போன மாசம் நீங்கல்லாம் பசங்களைவிட அதிகமாப் பேசினீங்க."

"பேசினது மட்டுமா? முறுக்கும் தின்னோம்."

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கே கவலையாகிவிட்டது, பின்னம் எனக்கும் ஏறியதில்லை.

பெருங்களத்தூர் தாண்டியதும், "சரி, பின்னமே எடுக்கறேன். ஆனா நீங்க முன்பெஞ்சுல உக்காரக் கூடாது" என்றார்.

"ஏன் சார்?"

"நீங்க தலையாட்டினா, எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சுன்னு அடுத்த கணக்குக்குப் போயிடுவேன்."

"உங்க கிளாஸ்ல முன்பெஞ்சுல யாரு?"

"நல்லாப் படிக்கற பசங்..." வாத்தியார் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கூடுவாஞ்சேரி வந்துடுச்சு. மீதியை அங்க வந்து சொல்லுங்க."