சுவரில் ஒரு ஜப்பான்

அவிநாசி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் கழுத்தில் பனியன் கம்பெனி அட்டை தொங்கியது. அவர் சொன்னார்:

"எங்க ஊட்டுச் சுவத்துல ஜப்பான் இருக்குதுங்க."

"என்னுங்க சொல்றீங்க?"

"எங்க கம்பெனியில சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர் கொண்டாந்த புக்குல ஜப்பான்காரங்க தையல் படம் பார்த்தேனுங்க. நீலத் துணியில வெள்ளை நூலு, முழுக்கக் கைத்தையல். சோமனூர்த் துணி வாங்கி நானும் போட ஆரம்பிச்சேன். ஆறு மாசம், ஞாயித்துக்கிழமையெல்லாம் அதேதான். முடிச்சு முன்ரூம் சுவத்துல மாட்டுனேன்."

"வாடகை ஊடாச்சுங்களே! ஊட்டுக்காரரு ஆணி அடிக்க உட்டாரா?"

"எங்க உட்டாரு! ஆணியப் புடுங்குன்னு சத்தம் போட்டுட்டேதான் உள்ள வந்தாரு. பார்த்ததும் கிட்டப் போயித் துணியத் தடவிப் பார்த்தாருங்க. எந்தக் கடையில வாங்குனேன்னு கேட்டாரு. நான் தச்சதுங்கன்னேன். நம்பலீங்க. பின்பக்கத்தத் திருப்பிக் காட்டி, ஒரு முடிச்சுகூடத் தெரியாம நூல எப்படி மறைச்சேன்னு சொன்னேன். அப்புறம் மெதுவா, 'ஆணி இருக்கட்டும் கண்ணு, எங்க ஊட்டுக்கும் ஒண்ணு தச்சுக் குடு'ன்னாரு."

"தாரேன்னீங்களா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க ஊட்டுல இன்னும் மூணு சுவரு காலியா இருக்குதுங்க, அத முடிச்சுட்டுத் தாரேன்னு சொல்லிட்டேன்."