இந்த வருஷத்து முதல் முட்டை

– இன்னும் கொஞ்சம் தடிமனா வெட்டு, நின்கே. விருந்தாளிங்க வர்றாங்க. சர்க்கரை ரொட்டிய இப்படியா காகிதம் மாதிரி வெட்டுவாங்க?

– என்னய்யா அதிசயம் இது? போன வாரம் வரைக்கும் என் வகுப்புக்கு வர்றவங்களுக்கு ஒரு வாய் காப்பி ஊத்துனாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவே. இன்னிக்கு ரொட்டிக்கு சிபாரிசா?

– நம்ம ஊர்ல இந்த வருஷத்து முதல் ஆள்காட்டிக் குருவி முட்டைய பாத்தாச்சு. பறவைச் சங்கத் தலைவி ஹிஸ்காவே சரி பாக்க வர்றா. கூடவே பேப்பர்காரன் வேற. சந்தோஷப்படக் கூடாதா?

– நீயா? யோரித் பாத்த முட்டைக்கு நீ சந்தோஷப்படுறியா? வோப்பே, உடம்புக்கு எதுவும் இல்லியே?

– ஏன், தங்கமான பையன்னு நீதானே சொல்றே. ‘யோரித்துக்குக் கண்ணு கூர்மை.’ ‘யோரித்துக்குப் பொறுமை ஜாஸ்தி.’ ‘யோரித் கேள்வி கேக்குற அழகே அழகு.’ கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு.

– ஆமா, சொன்னேன். பறவைய காப்பாத்துறோம்னு வர்ற கூட்டத்துல, சொன்னதைக் காதுல வாங்குறவன் அவன் ஒருத்தன்தான்.

– முதல் பாடத்துலயே வாய்க்கால்ல விழுந்தான்.

– ஊத்ரெக்ட் டவுன்ல பொறந்து வளந்தவன். கழி ஊனி வாய்க்கால் தாண்ட அங்க அவனுக்கு யாரு கத்துக்குடுப்பா? நீ சிரிச்ச சிரிப்புல பண்ணைக்காரர் மைனர்டோட பசுவெல்லாம் மிரண்டு ஓடுச்சு.

– அவன் விழுந்ததும் நீ என்ன பண்ணே? உன் சால்வைய அவுத்து அவன் தோள்ல போத்துனே. நான் விழுந்திருந்தா, ‘அப்படியே வெளிய நில்லு, வீட்டுக்குள்ள சேத்தோட வராதே’ன்னிருப்பே.

– நீ எங்கய்யா விழுந்தே? நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாலயே கழி ஊனித் தாண்டுனவனாச்சே.

– ஆங்... இது தெரியுதுல்ல? ஒரு நாளாவது வகுப்புல சொன்னியா? ‘இவர் என் வீட்டுக்காரர், ஆள்காட்டி எந்திரிச்சுப் பறக்குற விதத்த வச்சே கூடு எங்கன்னு சொல்லிருவார்’னு ஒரே ஒரு வார்த்தை? அதுக்குப் பதிலா...

– ஆரம்பிச்சிட்டியா?

– அதுக்குப் பதிலா அத்தன பேர் முன்னால, ‘வோப்பே, எத்தன தடவ சொல்றது? கூட்டுக்குக் கிட்ட போகாதீங்க, உங்க வாடைய புடிச்சுக்கிட்டு நரி வந்துரும்’னு... பெஞ்சு மேல ஏத்தாததுதான் பாக்கி!

– நீ போனியா இல்லியா?

– பழக்க தோஷம்டி. முன்னெல்லாம் முட்டைய எடுத்து அவிச்சுத் தின்னோம். இப்ப தூரத்துல நின்னு பைனாகுலர்ல பாக்கணும், தள்ளி ஒரு குச்சி நடணும், மைனர்டோட டிராக்டர் அதைச் சுத்திப் போகணும். சரின்னு ஒத்துக்கிட்டேன். வயல்ல கால் வைக்க பயிற்சி முடிச்ச அட்டை வேணும்னாங்க. அதுக்கும் உன் வகுப்புல வந்து கைய கட்டி உக்காந்தேன். பொண்டாட்டிகிட்ட பாடம் படிச்ச ஒரே ஆம்பள இந்த ஊர்ல நான்தான்.

– அதுலயும் முதல் தடவ தேறல.

– நீதானே திருத்துனே, டீச்சரம்மா!

– ‘நரி வந்தா என்ன செய்யணும்’னு கேட்டா ‘சுட்டுரணும்’னு எழுதி வச்சா, நான் என்ன மார்க்கா போடுறது? ரெண்டாவது தடவ தேறுனியே, அதுவே பெரிய விஷயம்... ஆமா, காலைல ஏன் போன எடுக்கல?

– மாட்டுக் கொட்டாய்ல வச்சுட்டு வந்துட்டேன். ஏன்?

– ஒண்ணுமில்ல.

– சும்மா சொல்லு.

– ஒண்ணுமில்லன்னேன்ல. தட்டை எடு. நீலக் கோடு போட்டது.

– இந்தா. ஏன் நின்கே... சாயங்காலம் கஃபேல இருக்குற பலகைல பேர் எழுதிருவாங்கல்ல?

– வழக்கம்தானே. முதல் முட்டைய பாத்தவங்க பேர எழுதித்தான ஆகணும்.

– ‘யோரித்’னு.

– ... உனக்குக் கஷ்டமா இருக்கா?

– எனக்கென்ன கஷ்டம்? எங்கப்பா பேர் அதுல இருக்கு. எங்கண்ணன் பேர் ரெண்டு இடத்துல இருக்கு. வாத்து முட்டைக்கும் கோழி முட்டைக்கும் வித்தியாசம் தெரியாத எங்க மாமா பேர் கூட இருக்கு. காலைல எந்திரிச்சு காலு மரத்துப் போற வரைக்கும் ஈரப்புல்லுல நடந்து நடந்து, ஒவ்வொரு வருஷமும் எவனாவது ஒருத்தன் எனக்கு ஒரு மணி நேரம் முன்னால பாத்துட்டான். சரி, போகட்டும். இப்ப ஊத்ரெக்ட்காரன் பேர். எழுதட்டும். சாக்பீஸ்ல எழுதட்டும், அழிக்க வசதியா இருக்கும்.

– அழிக்கவா? ஏன் அழிக்கணும்?

– சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

– ம்... நீ காலைலருந்தே திருட்டுப் பூனை மாதிரி முழிக்கிறே. வாசல்ல உன் கழி சாத்தி வச்சிருக்கே. அடியெல்லாம் ஏன் சேறு?

– நேத்து மழை பெஞ்சுதுல்ல?

– மழை மேலருந்துதானே பெய்யும்? கழி மேல காஞ்சு கிடக்கு, அடி மட்டும் நனைஞ்சிருக்கு.

– நீ போலீசுக்குப் போயிருக்க வேண்டியவ. கன்னுக்குட்டி ஒண்ணு வேலியத் தாண்டிருச்சு, அத விரட்டப் போனேன். போதுமா? அத விடு. ஹிஸ்காவுக்கு முட்டி வலி, கழி ஊனித் தாண்ட மாட்டா. தெற்கு வாய்க்கா மேல ஒரு பலகைய போட்டுட்டா நேரா அந்த மாட்டுக் குளம்படித் தடத்துக்கே நடந்து போயிருவா. நான் வேணா பலகைய...

– வோப்பே.

– என்ன?

– முட்டை குளம்படித் தடத்துல கிடக்குன்னு உனக்கு யாரு சொன்னா?

– நீதான் சொன்னே.

– நான் சொல்லல. இடத்த சங்கத்துக்கு மட்டும்தான் சொல்லணும், வீட்டுல கூட சொல்லக் கூடாதுன்னு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். வேடிக்கை பாக்க வர்றவங்க கூட்ட மிதிச்சிருவாங்கன்னு.

– அப்ப... யோரித் சொல்லியிருப்பான்.

– யோரித்தும் நீயும் என்னிக்குய்யா பேசிக்கிட்டீங்க? இங்க பாரு. தரைய பாக்காதே, என் மூஞ்சிய பாரு. வகுப்புல காட்டுறதுக்கு வச்சிருக்குற என் பயிற்சிப் பெட்டில மர முட்டை ஒண்ணு குறையுது. புதுசா வந்தவங்க வயல்ல தொலைச்சிட்டாங்கன்னு நெனச்சேன்...

– ரொட்டி காயுது, துணி போட்டு மூடு.

– ரொட்டி நாசமாப் போகட்டும்! நான் சாயம் பூசின முட்டையவா கொண்டு போய் வச்சே?

– மெதுவாப் பேசு... நான் கடைஞ்ச முட்டைதானே அது. நீ பூசின சாயமும் லேசுப்பட்டதில்ல. கருப்புப் புள்ளி ஒவ்வொண்ணும் அசலேதான். கையில எடுக்குற வரைக்கும் ஆள்காட்டியே ஏமாந்துரும்.

– அடப்பாவி... அடப்பாவி மனுஷா! ஏன்யா?

– ஏனா? நேத்து சாயங்காலம் இங்க வந்தான்ல? நான் உக்காருற நாற்காலில உக்காந்தான். ‘நாளைக்கு விடிஞ்சதும் மைனர்ட் வயலுக்குப் போகப் போறேன், கிடைக்கும்னு மனசு சொல்லுது நின்கே’ன்னான். நீ அவன் கைய புடிச்சுக்கிட்டு, ‘உனக்குக் கிடைக்கலன்னா வேற யாருக்குக் கிடைக்கும்’னே. நான் அடுப்பு பக்கத்துல நிக்கிறேன், மனுஷனாவே தெரியல உனக்கு. இத்தன வருஷம் நானும் விடியக்காலைல கிளம்பிப் போறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கு அப்படி சொல்லியிருக்கியா? ‘வர்றப்ப பால் வாங்கிட்டு வா’ன்னுதானே சொல்லுவே.

– அதுக்காகவா?

– அதுக்காகத்தான். வயித்தெரிச்சல்டி. மூடி மறைக்க என்ன இருக்கு? பொறாமைதான். அவன் கிளம்பிப் போனதும் முட்டைய பையில போட்டேன், கழிய எடுத்தேன், போய் வச்சுட்டு வந்தேன். பாத்த உடனே பறந்தடிச்சு சங்கத்துக்குச் சொல்லுவான்னு தெரியும். சொல்லிட்டானா இல்லியா? இப்ப ஹிஸ்கா குனிஞ்சு எடுப்பா, சரி பாக்க அவளுக்கு மட்டும் அனுமதி உண்டே, ‘டொக்’குனு தட்டிப் பாப்பா. பேப்பர்காரன் படம் புடிப்பான். அப்ப அந்தக் கூர்மையான கண்ணுக்காரன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் பாக்கணும்.

– அந்த முட்டைக்கு அடியில என் வகுப்போட முத்திரை இருக்கு, தெரியுமா?

– ... முத்திரையா?

– போன மாசம் எல்லாத்துலயும் குத்துனேன். ஹிஸ்கா திருப்பிப் பாத்தா முதல்ல நாறப் போறது என் பேரு. ‘முட்டைய காப்பாத்த சொல்லிக் குடுக்குறவங்க பொய் முட்டைய வச்சு ஊர ஏமாத்துறாங்க’ன்னு எழுதுவான் பேப்பர்காரன். அடுத்த வசந்தத்துக்கு வகுப்பே இருக்காது.

– ஐயையோ... இரு, இரு, நான் ஒரே ஓட்டமா ஓடி எடுத்துடுறேன்.

– எடுத்தா? இருந்த முட்டை எங்கன்னு கேப்பாங்க. யோரித் எடுத்துத் தின்னுட்டான்னு சொல்லுவாங்க. முட்டை எடுக்குறது குத்தம், தெரியும்ல?

– அப்ப என்னதான் பண்றது? நின்கே... ஏய், நீ ஏன் அழுவுறே? அவனுக்காகவா? அவன் மூஞ்சி வாடிரும்னு உனக்கு அழுகையா வருதா?

– கூமுட்டை.

– என்னது?

– உன்னத்தான் சொன்னேன். சரியான கூமுட்டை. அந்த முட்டைய முதல்ல பாத்தது யோரித் இல்ல.

– பின்ன? சங்கத்துக்கு அவன்தானே சொன்னான்?

– சொல்லச் சொன்னது நான். விடியக்காலைல அவன் போன் பண்ணான். பொண்ணுக்குக் காய்ச்சல், பொண்டாட்டிய தனியா விட்டுட்டு வர முடியல, நீங்க ஒரு எட்டு பாத்துருங்கன்னான். போனேன். கரை மேல குப்புறப் படுத்து பைனாகுலர்ல பாத்தேன். மேல ஆள்காட்டி ஒண்ணு கத்திக்கிட்டே சுத்துது. கீழ, குளம்படித் தடத்துக்குள்ள, ஒத்த முட்டை. கிட்ட போயிருந்தா என் கையால பூசின சாயம்னு தெரிஞ்சிருக்கும். ஆனா கிட்ட போகாதே, போகாதேன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறவ நான்தானே... போகல.

– நீயா? நீயா பாத்தே?

– சிரிப்பா வருது வோப்பே, அழுகையா வருது. புல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன், சத்தம் போட்டுருவேனோன்னு.

– ஐயோ, நின்கே... என் புத்திய செருப்பால அடிக்கணும். அப்ப உன் பேர்லயே சொல்லியிருக்கலாமே? எதுக்கு அவனக் கூப்பிட்டே?

– என் பேர்லயா? பலகைல பொண்டாட்டி பேரு, புருஷன் பேரு இல்ல. உங்கண்ணன் ஒருத்தன் போதும், உன்ன உயிரோட வறுத்துருவான். நீ அப்புறம் அந்தக் கஃபேக்குள்ள கால் வைப்பியா?

– மாட்டேன்.

– அதான். பொண்ணுக்குக் காய்ச்சல் இறங்கிருச்சுன்னதும் அவன வரவழைச்சேன். வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் கட்டாயப்படுத்தி, பாக்க வச்சு, சொல்ல வச்சேன்.

– கார் சத்தம் கேக்குது.

– கேக்குது.

– நீ உள்ளயே இரு. நான் போய் ஹிஸ்காகிட்ட சொல்லிடுறேன். வச்சது நான்தான், யோரித்துக்கும் உனக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு. அட்டைய புடுங்கிக்கிட்டாலும் பரவாயில்ல. பேப்பர்காரன் என் மூஞ்சிய படம் புடிச்சுக்கட்டும்.

– ம். கோட்டை மாட்டிக்கிட்டுப் போ. காத்து அடிக்குது.

– போறேன்... ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காதே.

– கேளு.

– ஊர்ல வேற ஆளா இல்ல? அவன் பேரத்தான் குடுக்கணுமா? உனக்குத் தெரியாதா நான் எத்தன வருஷமா... நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் இருந்தேனே, நின்கே.

– போன் நிஜமாவே கொட்டாய்லதான் இருந்துச்சா?

– ... இல்ல. கையிலதான் இருந்துச்சு. உன் பேரப் பாத்தேன். அவன் முட்டை பாத்துட்டான்னு பெருமையடிக்கத்தான் கூப்பிடுறேன்னு நெனச்சு, அடிக்கட்டும்னு விட்டுட்டேன். ஏன்? எதுக்குக் கூப்பிட்டே?

– ‘கழிய எடுத்துக்கிட்டு ஓடியா. நான் படுத்திருக்குற இடத்துல நீ படுத்துப் பாரு, பாத்துட்டு நீயே சங்கத்துக்குச் சொல்லு, பலகைல உன் பேர் வரட்டும், நான் சாகுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்’னு சொல்லத்தான். மூணு தடவ கூப்பிட்டேன், நீ எடுக்கல.